உமிக்கரி டப்பாவைத் தேட வேண்டாம்

ஸ்ரீரங்கம், 2-5-61

இந்திராணி அப்பாவுக்கு,

நீங்கள் கடைக்குப் போனதும் உறையூரிலிருந்து ஆள் வந்தது. தங்கைக்குப் பிரசவ வலி கண்டுவிட்டதாம். இந்திராணியுடன் பஸ்ஸில் கிளம்புகிறேன். நாளை மாலை வருவேன்.

ரசம் சாதம் குழைவாகப் பிசைந்து மூடியிருக்கிறது. சொம்பில் கருவேலம்பட்டைக் கஷாயம். சாப்பிட்டபின் வெதுவெதுப்பாக வாயில் வைத்திருந்து கொப்பளியுங்கள். காலையில் உப்பு வெந்நீர் போதும். உமிக்கரியைக் கொல்லையில் கொட்டிவிட்டேன்.

நேற்று இந்திராணியின் ஆடும் பல்லைக் காட்டப் போனபோது பல் டாக்டர் கேட்டார். "நல்லுசாமி வீட்டம்மாவா? உமிக்கரியை விட்டாரா? ஈறு தேஞ்சு இறங்குனதே அதாலதான்னு தை மாசமே அவர்கிட்ட சொன்னேனே!"

இறங்கிய ஈறு இனி ஏறாதாம். மேலும் இறங்காமல் பார்த்துக்கொள்ளலாமாம்.

தைக்குப் பிறகு மூன்று முறை உமிக்கரி இடித்துச் சலித்துக் கொடுத்தேன். "சோம்பேறித்தனம் பண்ணாம நல்லா அழுத்தித் தேய்ங்க" என்று வேறு சொன்னேன். நீங்களும் என் கண்ணெதிரே அழுத்தித் தேய்த்தீர்கள்.

நேற்று அங்கிருந்து வந்ததுமுதல் நான் பேசாமலிருந்தது அதனால்தான். கோபம் உங்கள் மேல் இல்லை.

பவுனம்மாள்

நல்லெண்ணெய் சின்னக் கிண்ணத்தில் இருக்கிறது. விரல் நுனியால் ஈறில் தடவுங்கள். தேய்க்க வேண்டாம்.

இன்னொன்று. அப்போதே சொல்லியிருந்தால் நான் வருத்தப்பட்டிருக்க மாட்டேன் என்று எழுத நினைத்தேன். பட்டிருப்பேன். இரண்டு நாள் சாப்பிட்டிருக்கவும் மாட்டேன். இருந்தாலும் சொல்லியிருக்கலாம்.