உன் அடுப்படிச் சுவரில் ஒரு துளை

அக்கா,

இன்று காலை உன் வீட்டை இடிக்கிற கொத்தனார் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "இன்னாங்க இது, அடுப்பாண்ட செவுத்துல கிரீஸ் கறை?" முழங்கால் உயரத்தில், ஒரு செங்கல் அளவுத் துளை. ஓரமெல்லாம் கறுப்பு. குனிந்து மோந்து பார்த்தேன். வாடை போய்விட்டது, கறை போகவில்லை.

அறுபதுகளில் நம் தெருவில் கார் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். வாடகைக்கு ஓட்டிய பழைய வண்டி. பின்சக்கரத்துக்கு மேல் வண்டிப் பாரத்தைத் தாங்கும் வில் போன்ற கமான்பட்டை உடைந்ததும், மெக்கானிக் எதற்கு, நானே மாட்டுகிறேன் என்று செஞ்சி முழுக்கச் சொல்லி வைத்தேன். தப்பாகிப்போனால் யாரும் பார்க்கக் கூடாதல்லவா? நம் இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த சந்துக்குள் வண்டியை நுழைத்தேன். சக்கரத்துக்கும் உன் சுவருக்கும் இடையே நாலு விரற்கடைதான். பட்டையின் முனையைப் பிடித்திருந்த போல்ட்டை இழுத்தால் சுவரில் முட்டியது. என் புத்தியைப் பார், அதை ரம்பத்தால் இரண்டாக அறுத்து எடுத்துவிட்டேன். புதுப் பட்டையை வைத்த பிறகுதான் புது போல்ட்டை எப்படி நுழைப்பது என்று யோசித்தேன். வெளிப்பக்கம் சுவர், உள்பக்கம் பெட்ரோல் டேங்க். வண்டியை நகர்த்தலாம் என்றால் சக்கரத்தைக் கழற்றி வைத்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்து என் மனைவிக்கு வலி எடுத்தது. முதல் பிள்ளையை மாட்டுவண்டியில், விழுப்புரம் போகிற வழியிலேயே பறிகொடுத்தவர்கள் நாங்கள். கார் வாங்கியதே அதனால்தான். குழந்தை குறுக்கே கிடக்கிறது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ என்றாள் மருத்துவச்சி. மதிய பஸ் போய்விட்டது. ஊரில் இருந்த இன்னொரு வாடகைக் கார் பனமலைக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தது. வண்டிக்கடியில் படுத்தபடியே அழுதேன்.

நீ எட்டிப் பார்த்தாய். மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தூக்குகிறவள். காரில் ஒருநாளும் ஏறியதில்லை. "போல்ட்டு எம்மா நீட்டுடா?" என்றாய். காட்டினேன். அதை வாங்கிக்கொண்டு உன் வீட்டுக்குள் போனாய். கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் கடப்பாரைச் சத்தம்.

"ஐயோ, உன் செவுரு, அக்கா!" என்று கத்தினேன்.

"செவுர நாளைக்கி பூசிக்கலாம். புள்ளய பூசிக்க முடியுமா? நவுந்து படு."

செங்கல் விழுந்தது. உன் கை போல்ட்டோடு வந்தது. ஆனால் போல்ட் நுழைய வேண்டிய பட்டையின் கண்ணும் வண்டிச் சட்டத்தின் கண்ணும் நேருக்கு நேர் வரவில்லை. ஜாக்கியால் கீழிருந்து நெம்பினால் வளைந்த பட்டை நிமிரவில்லை, வண்டியே எழும்பியது. நான் ஜாக்கியைத் திட்டினேன்.

"காலி வண்டி அப்டித்தான் தூக்கிக்கினு நிக்கும். பாரம் ஏத்துடா."

விதைக்கு வைத்திருந்த மல்லாட்டை மூட்டைகளை ஒவ்வொன்றாகச் சுமந்து வந்து டிக்கியிலும் பின்சீட்டிலும் நீயே போட்டாய். மறுபடி ஜாக்கியைச் சுற்றினேன். பட்டை நிமிர்ந்தது, கண்கள் சேர்ந்தன. நீ அம்மிக் குழவியை எடுத்து உன் அடுப்படியிலிருந்தே அடித்தாய். குழவியின் முனை பெயர்ந்தது. போல்ட் உள்ளே போனது. அப்படி ஒரு கெட்டிக்காரியை நான் பிறகு பார்த்ததே இல்லை, அக்கா.

மூட்டைகளை இறக்கி, சக்கரம் மாட்டிக் கிளம்பினோம். என் மனைவியின் தலை உன் மடியில். குழி வந்தபோதெல்லாம் எனக்கு உயிர் போனது. "அடிச்சது நானு. கழண்டுக்காது. ரோட்டப் பாத்து ஓட்டு" என்றாய். கழலவில்லை. மகள் பிறந்தாள்.

ஊர் திரும்பியதும் எல்லோரும் கேட்டார்கள். "நானேதான் மாட்டினேன்" என்றேன். பக்கத்தில் நின்ற நீ சிரித்தாயே தவிர மறுக்கவில்லை. சுவரைப் பூசித் தருகிறேன் என்று வந்தபோதெல்லாம் வேண்டாம் என்றாய். அந்தத் துளை வழியாகத்தான் என் மகளுக்கு வறுத்த மல்லாட்டை நீட்டுவாய். நீ கண்ணை மூடுகிறவரைக்கும் நான் உண்மையைச் சொல்லவில்லை. அந்த வெட்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

கறை படிந்த செங்கல் ஒன்றைக் கொத்தனாரிடம் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மகள் வருகிறாள். அதை அவள் கையில் கொடுத்துச் சொல்லப் போகிறேன்: "நைனா மாட்டல, கண்ணு. உங்க அத்ததான் மாட்டுச்சி."