உப்பில்லாத இலைக்கஞ்சி

என் பிரியமுள்ள பவானி அக்கா,

நீங்கள் போய் இன்றோடு பதினேழு நாள். எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்குப் படிப்பிக்க வந்த உங்களை, சண்டை ஓய்ந்து பாதை திறந்திருந்ததால், வேனில் யாழ்ப்பாணத்துக்கே திருப்பிக் கொண்டுபோனார்கள். ஹட்டன் வரை நானும் வந்தேன். அழுகை வரவில்லை. இறங்கி, பஸ் பிடித்துத் திரும்பி, மூன்றாம் வகுப்புக்கு ஒன்பதாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தேன். இன்னமும் அப்படித்தான் இருக்கிறேன். இது என்ன நோய், அக்கா?

பள்ளிச் செய்தி சொல்கிறேன். உங்கள் இலைக்கஞ்சி நின்றுபோக இருந்தது. பத்து நாளாய் நான்தான் காய்ச்சுகிறேன்; பிள்ளைகள் குடிப்பதில்லை. "இந்த வெள்ளிக்கிழம வரைக்கும் பாப்போங்க டீச்சர். அதுக்கு மேல அரிசிய வீணாக்க வேணாம்" என்று பள்ளி அதிபர் சொல்லிவிட்டார்.

தாய்மார் விடிந்ததும் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு ஓடுகிறார்கள். பிள்ளைகள் வெறும் தேயிலைச் சாயத் தண்ணீரும் ஒரு ரொட்டியுமாக வந்து, பத்து மணிக்கெல்லாம் மேசையில் தலை சாய்க்கிறார்கள். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தானே நீங்கள் அடுப்பு மூட்டினீர்கள்? கொழுந்தெடுக்கும் மலையில் பறித்த வல்லாரையை அந்தத் தாய்மார் இப்போதும் கொடுத்தனுப்புகிறார்கள். "மருந்தடிச்ச மலையில புடுங்கலன்னு அம்மா சொல்லச் சொன்னாங்க" என்ற சொல்லும் கீரையோடு தவறாமல் வருகிறது.

ஆனால் பிள்ளைகள் கோப்பையைப் பார்க்காமல் என் முகத்தையே பார்க்கிறார்கள். அவர்களுடைய பெரிய டீச்சர் நீங்கள் முதல் கோப்பையை அவர்கள் முன்னாலேயே குடிப்பீர்கள். நான் குடிப்பதில்லை. இப்போதாவது சொல்லிவிடுகிறேன். "குடிச்சுப் பாரும் தங்கச்சி, உடம்புக்கு நல்லது" என்று நீங்கள் ஊற்றித் தந்ததையெல்லாம் ஜன்னலுக்குக் கீழே இருக்கும் ரோஜாச் செடிக்குத்தான் ஊற்றினேன். பள்ளிக்கூடத்திலேயே ஊட்டமாக வளர்ந்தது அதுதான். உங்களுக்குத் தெரியுமா? தெரிந்துதான் பேசாமல் இருந்தீர்களா?

இன்று வெள்ளிக்கிழமை. வேறு வழியில்லாமல், எல்லாரும் பார்க்க ஒரு கோப்பை முழுதாகக் குடித்தேன். ருசி ஒன்றும் தெரியவில்லை. பதினேழு நாளாய் எதைத் தின்றாலும் அப்படித்தான். "நல்லா இருக்கு, குடிங்க" என்றேன். குடித்தார்கள். முக்கால் கோப்பை இறங்கிய பிறகு முன்வரிசைக் கோகிலா மெல்ல எழுந்தாள்.

"டீச்சர், கஞ்சியில உப்பே இல்லைங்க."

"மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"பெரிய டீச்சர் செத்துப் போனதுலேருந்து நீங்க எதையுமே நல்லா இருக்குன்னு சொல்லலைங்க. இன்னைக்கித்தான் சொன்னீங்க. அதான் குடிச்சோம்."

உப்புப் போட்டுக் கலக்கி, மறுபடி ஊற்றினேன். நானும் குடித்தேன். உப்புத் தெரிந்தது, அக்கா. தேங்காய்ப்பாலும் கொஞ்சம் தெரிந்தது. அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டே அழுதேன். பிள்ளைகள் வரிசை கலையாமல் நின்றார்கள். சத்தம் கேட்டு அதிபர் எட்டிப் பார்த்தார். கோப்பைகளைப் பார்த்தார். "திங்கக்கிழமைக்கு அரிசி இருக்குங்களா டீச்சர்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

இருக்கிறது. திங்கட்கிழமையும் முதல் கோப்பை என்னுடையதுதான். உப்புப் பார்த்த பிறகே பிள்ளைகளுக்கு. ரோஜாச் செடிக்கு இனித் தண்ணீர் மட்டுமே ஊற்றுவேன், அக்கா.

கூடப் பிறக்காவிட்டாலும் நீங்கள் வாய் நிறையக் கூப்பிட்ட
உங்கள் தங்கச்சி,
சரோஜா