பின்கதவு இல்லாத கார்

சித்தூர்,
11.1.1960

பிரியமுள்ள மகன் தியோடருக்கு,

இங்கே சுகம். நீ டிரைவரோடு அனுப்பிய கார் நேற்று மாலை வந்து சேர்ந்தது. சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். பின்னால் சாமான் வைக்கக் கதவையே காணோம். பின்சீட்டை மடக்கி, உள்ளே தலையை விட்டுத்தான் பையை எடுக்க வேண்டுமாம். ஜன்னல் கண்ணாடி இறங்குவதில்லை. அலமாரிக் கதவுபோல் நகர்கிறது. உன் அப்பாவின் காரில் எல்லாம் ஒழுங்காக இருந்தன. கார் விற்கிறவன் நீ, விளக்கம் எழுது.

வீட்டை விலைக்குக் கேட்கும் பாலசுந்தரத்துக்கு விற்றுவிட்டு இதில் ஏறிச் சென்னைக்கு வரச் சொல்கிறாய். டிரைவரைப் பஸ்ஸில் திருப்பி அனுப்பிவிட்டேன். கார் இருக்கட்டும்.

உன் அம்மா,
கிருபாபாய்


சென்னை

அன்பான அம்மா,

அது ஸ்டாண்டர்ட் எய்ட். 1953இல் இங்கிலாந்தில் வந்த முதல் மாடல். விலையைக் குறைக்க எதையெல்லாம் விடலாம் என்று பார்த்துப் பார்த்து விட்டார்கள்: பின்கதவு, இறங்கும் கண்ணாடி, சக்கர மூடி. வாங்கியவர்கள் முணுமுணுத்தார்கள். அடுத்த வருஷமே கண்ணாடி இறங்கியது. போகப்போகப் பின்கதவும் வந்துவிட்டது. பழைய மாடல் என்பதால்தான் என்னால் வாங்க முடிந்தது.

அம்மா, ஏப்ரல் முதல் தேதி திருத்தணி சென்னை ராஜ்யத்துக்கு வருகிறது. சித்தூர் வரவில்லை, ஆந்திராவிலேயே நிற்கிறது. மிஷன் பள்ளியில் தமிழ் வகுப்புகளையும் எடுத்துவிடப் போகிறார்கள் என்று முன்பு நீங்களே எழுதினீர்கள். அங்கே உங்களுக்கு இனி என்ன மிச்சம்? பாலசுந்தரத்துக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். அன்றைக்கே டிரைவர் மறுபடி வருவார்.

உங்கள் தியோடர்


சித்தூர்,
7.3.1960

தியோடர்,

உன் கடிதத்தில் தேதி இல்லை. கான்வென்டில் இதற்கு எங்களை முட்டி போட வைப்பார்கள்.

கார் ஓட்டக் கற்று லைசென்ஸ் வாங்கிவிட்டேன். பெற்றோர் மனுக் கொடுத்தால் தமிழ் வகுப்பு நிலைக்க வழி உண்டாம். கார்வேட்டிநகரம் பக்கத்துக் கிராமங்களில் கையெழுத்து வாங்கினேன். போன வியாழக்கிழமை செங்கம்மா, லட்சுமம்மா, இன்னொரு தாய், மூவரையும் ஏற்றிக்கொண்டு கல்வி அதிகாரியைப் பார்க்கக் கிளம்பினேன். பெரிய மனிதரை வெறுங்கையோடு பார்ப்பது அவர்களுக்கு மரியாதையில்லை. ஆளுக்கொரு கோழி கொண்டுவந்தார்கள். கொடுக்கக் கூடாது என்று சொல்லிப் பின்சீட்டுக்குப் பின்னால் போட்டேன். மனுப் பையும் அங்கேதான் இருந்தது. என் புத்தி.

பாதி வழியில் செங்கம்மா, "ஏம்மா, உள்ள பேப்பர் கிழியற சத்தம் கேட்டுக்கினு கீதே" என்றாள்.

"கோழிதான். அதுவாவது தமிழ் படிக்கட்டும், வுடு" என்றாள் லட்சுமம்மா.

எல்லோரும் இறங்கினால்தான் சீட்டை மடக்கலாம். பார்த்தால், மனு பைக்கு வெளியே கிடந்தது, ஓரம் கிழிந்து, மேலே கோழி எச்சம். துடைத்து, ஆபீசில் அப்படியே நீட்டினேன். அதிகாரி ஓரத்தைப் பிடித்துத் தூக்கி, கோழிகளும் கையெழுத்துப் போட்டிருக்கின்றனவா என்று தெலுங்கில் கேட்டார்.

"அவை சாட்சிக் கையெழுத்து" என்று நானும் தெலுங்கிலேயே சொன்னேன்.

சிரித்துவிட்டு முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்.

அம்மா


சித்தூர்,
2.4.1960

பிரியமுள்ள தியோடருக்கு,

நேற்று டிரைவர் வந்தார். சாப்பாடு போட்டு அனுப்பினேன். பாலசுந்தரத்தை நானே போய்ப் பார்த்தேன். வாக்குக் கொடுத்தவனுக்கு வீடு சொந்தமில்லை என்று சொன்னேன். பாவம், வருத்தப்பட்டார். மன்னிப்புக் கேட்டு அவருக்கு எழுது. தேதி போட்டு.

முதல் வகுப்பு மட்டும் தமிழில் தொடர உத்தரவு வந்திருக்கிறது. மற்றவற்றை எடுத்துவிட்டார்கள். பாடம் சொல்லத் திருப்பதியிலிருந்து ஜெயசீலி என்ற ஆசிரியை வர ஒப்புக்கொண்டாள். திங்கட்கிழமைதோறும் நான் போய் அழைத்து வருவேன்.

அந்தப் பின்கதவைக் கம்பெனி தானாகவா வைத்தது? கேட்டுக்கொண்டே இருந்தவர்கள் இருந்தார்கள். இரண்டாம் வகுப்பை நான் இங்கிருந்தே கேட்பேன்.

மே மாதம் வா. ரேணிகுண்டாவில் இறங்கு, ஸ்டேஷனுக்குக் காரோடு வருகிறேன். பெட்டி சின்னதாக இருக்கட்டும், மடியில் வைத்துக்கொள்ளலாம். பின்சீட்டில் ஆட்கள் இருப்பார்கள்.

உன் அம்மா,
கிருபாபாய்