துளசி அனுப்பிய துப்பாக்கிப் படம்

காஞ்சிபுரம்,
திங்கட்கிழமை

துளசிக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை பிரேம்நாத்தும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள், வீட்டில் துப்பாக்கி வைத்திருக்கிறவர்களுக்கு என்ன குறை. இங்கே நாங்களும் சௌக்கியம் என்று எழுதுவது வழக்கம், எனக்கு எட்டு நாளாகச் சோறு இறங்கவில்லை, அதனால் அந்தப் பொய்யை எழுதவில்லை. போனில் பேசினால் நீ குறுக்கே விழுந்து பேசுவாய், பிறகு அழுவாய், நான் சொல்ல வந்தது நின்றுபோகும். அதனால்தான் தபால். முழுக்கப் படி.

போன ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். பெட்டியில் பாகம் பாகமாக வரவழைத்து, மூன்று மாதம் உட்கார்ந்து அரம் போட்டு, கட்டையை உப்புத்தாளால் தேய்த்து எண்ணெய் பூசி, குழலுக்கு ஏதோ தடவித் துருப்பிடிக்க வைத்துப் பழுப்பு நிறம் வரவழைத்தாயாம். பூவேலை எதுவும் கிடையாது, அந்தக் காலத்துக் குடியானவன் வைத்திருந்த மாதிரியே வெறும் துப்பாக்கி, வாய்ப்பக்கமாக மருந்து கொட்டி இடிக்க வேண்டும் என்று பெருமையாகச் சொல்கிறாய். பக்கத்தில் மாப்பிள்ளை நின்று கை தட்டுகிறார், அவருக்காவது புத்தி இருக்கும் என்று நினைத்திருந்தேன். உன்னை என்ஜினீயரிங் படிக்க வைத்தது இதற்கா? லீவு கிடைக்கவில்லை என்று வெளிநாட்டிலிருந்து கருடசேவைக்கு வராதவளுக்கு இரும்பு ராவ மூன்று மாதம் கிடைத்தது. உன் அம்மா முழங்கால் வலியோடு மாடி ஏறிப்போய்க் குடியிருப்பவர்களிடம் காட்டிவிட்டு வந்தாள், எங்க துளசி தச்சு வேலையெல்லாம் கத்துக்கினு இருக்குது என்று. அவளையும் திட்டினேன். தென்னேரி ஏரி நிரம்பிக் கலங்கல் வழிகிறது, நம் நிலத்தில் முழங்கால் அளவு தண்ணீர், அதை எழுதத்தான் முதலில் காகிதம் எடுத்தேன். அதற்கு இப்போது மனம் இல்லை.

உன் சித்தப்பா ஆனந்தகுமாருக்கு வலது கண்ணும் வலது கையில் மூன்று விரலும் தீபாவளி வெடியில் போனது என்று சொல்லித்தான் உன்னை வளர்த்தோம். அது பொய். நீ தவழ்ந்துகொண்டிருந்த வருஷம், தென்னேரியில் வேர்க்கடலை போட்டிருந்தோம், காட்டுப்பன்றி வந்து கொல்லை முழுக்கக் கிளறிப் போட்டது. சித்தப்பா யாரிடமோ ஒரு நாட்டுத் துப்பாக்கி இரவல் வாங்கி வந்தான், உன்னுடையது மாதிரியே வாய்ப்பக்கம் மருந்து போடுகிற வகை. மத்தியானம் அதை மோட்டார் கொட்டகையில் சாத்தி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனான். அந்த நேரம் நான் போனேன். காலியாக இருக்கிறது என்று நினைத்துக் கருமருந்து கொட்டி, தேங்காய் நார் அடைத்து, ஈய ரவை போட்டு இடித்து, இருந்த இடத்திலேயே சாத்தினேன். அவன் போவதற்கு முன்பே மருந்து போட்டு வைத்திருந்தான், எனக்குத் தெரியாது, நான் போட்டதை அவனிடம் சொல்லவும் இல்லை. சாயங்காலம் அவன் சுட்டதும் குழல் பின்பக்கம் கிழிந்தது. பத்தடி தள்ளி நான் நின்றுகொண்டிருந்தேன். பன்றி ஓடிவிட்டது.

ஊர்க்காரர்கள், குடிச்சிட்டு ரெண்டு வாட்டி மருந்து போட்டுக்கினான் என்று பேசினார்கள். அவன் ஒரு சொட்டு குடித்ததில்லை. பக்கத்து ஊரான கூரத்தில் அவனுக்கு நிச்சயம் செய்திருந்த பெண்ணின் அப்பா, குடிகாரனுக்குப் பெண் தர மாட்டோம் என்று தாம்பூலத்தைத் திருப்பிக் கொடுத்தார். அதைக் கை நீட்டி வாங்கிக்கொண்டு வந்தவன் நான். வாயைத் திறக்கவில்லை. அதன் பிறகு அவன் கல்யாணமே வேண்டாம் என்றுவிட்டான்.

உன் வீடியோவை அவனுக்குக் காட்டக்கூடாது என்று உன் அம்மாவிடம் சொல்லியிருந்தேன். செவ்வாய்க்கிழமை, புடவைக் கடை வாசலில் வண்டிகளை ஒழுங்கு பண்ணுகிற வேலை முடிந்து, கழுத்தில் விசிலோடு வந்தவனிடம் காட்டிவிட்டாள். போனை அந்த ஒற்றைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து நாலு தடவை பார்த்தான். பொண்ணு நல்லா செஞ்சிருக்குதுண்ணா என்றான். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைப் பிடுங்கி, உனக்கு மானம் ரோஷம் இல்லையாடா என்று கத்தினேன். அவன் கத்தவில்லை. "இடிக்கிற குச்சியில ஒரு கோடு போட்டுக்கச் சொல்லுண்ணா. காலிக் குழல்ல உட்டா எதுவரைக்கும் இறங்குதோ அங்க. அப்பால யாரு எடுத்தாலும் குச்சிய உட்டுப் பாத்தா உள்ள மருந்து இருக்குதா இல்லையான்னு தெரிஞ்சிடும். அன்னிக்கு நம்ம குச்சியில கோடு இல்ல. இருந்திருந்தா நீ மறுவாட்டி போட்டிருக்க மாட்ட" என்றான்.

அவனுக்குத் தெரியும், துளசி. எப்போதிலிருந்து என்று கேட்டேன். ஆஸ்பத்திரியிலேயே தெரியும், நீ என் மூஞ்சியப் பாக்கவே இல்ல என்றான். சொல்லிவிட்டுக் கை கழுவப் போனான். உன் அம்மா கேட்டுக்கொண்டுதான் நின்றாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு போடுகிறாள், பேசுவதில்லை. நீ அந்தச் சனியனைச் செய்யாமல் இருந்திருந்தால் நான் யாருக்கும் தெரியாமல் போய்ச் சேர்ந்திருப்பேன். அதனால் உன்மேல் உள்ள கோபம் எனக்குத் தீரவில்லை, தீரும் என்றும் தோன்றவில்லை.

நேற்று கூரம் போய் வந்தேன். தாம்பூலத்தைத் திருப்பிக் கொடுத்த அந்தப் பெரியவர் இன்னும் இருக்கிறார். காது சுத்தமாகக் கேட்பதில்லை. என் தம்பி குடிக்கல, மருந்து போட்டது நான் என்று மூன்று தடவை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது, எதிர்வீட்டுக்காரர்கள் எல்லாம் வெளியே வந்து பார்த்தார்கள். கடைசியில் அவருக்குப் புரிந்தது. பெண் வாலாஜாபாத்தில் பேரன் பேத்தியோடு இருப்பதாகச் சொன்னார். அதை இப்ப வந்து ஏன்பா சொல்ற என்று கேட்டார். நான் பஸ் ஏறிவிட்டேன்.

அதை விற்றுத் தொலை என்பதுதான் என் புத்திமதி, நீ கேட்க மாட்டாய் என்று தெரியும். கேட்காவிட்டால் குச்சியில் அந்தக் கோட்டையாவது போடு. அங்கே பனி கொட்ட ஆரம்பித்திருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ. கண்ணும் கையும் குறையாமல் இருவரும் நூறு வயது இருங்கள். எனக்கு ஆறுதல் சொல்ல யாரும் போன் செய்ய வேண்டாம், எடுக்க மாட்டேன். சித்தப்பாவுக்குச் செய். ஏழு மணிக்கு மேல்தான் வீட்டில் இருப்பான்.

இப்படிக்கு,
உன் அப்பா
இளங்கோவன்