படகோட்டியை யாரும் சந்தேகிக்கவில்லை

மார்ச் 3, ஞாயிறு

பூனையைக் கைது செய்துவிட்டார்கள்.

நான் சொன்னது ஒரே வரி. "செத்துப்போன காவலாளியின் மேசை மேல் ஒரு பூனை உட்கார்ந்திருக்கிறது." சும்மா, அறைக்கு ஓர் அழகாக இருக்கட்டுமே என்று. அன்றிலிருந்து பல் டாக்டர் அதன் பின்னாலேயே அலைகிறார்.

துறைமுகப் பண்டகசாலையில் ஒரு கொலை. செய்தவன் படகோட்டி. அதை இவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். ஞாயிறுதோறும் என் சாப்பாட்டு மேசையில் நடக்கும் விளையாட்டு இது. நான் கதையை நடத்துவேன். அவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிப் பகடை உருட்டுவார்கள். பல் டாக்டர் பூட்டுத் திறக்கும் திருடன், மருந்துக்கடை அக்கா பத்திரிகைக்காரி, என் மச்சினன் இன்ஸ்பெக்டர்.

"பூனை கழுத்துல ஏதாவது கட்டியிருக்கா?"

"இல்லை டாக்டர்."

"பாத்தீங்களா, அதான் எனக்குச் சந்தேகமா இருக்கு!"

மச்சினன் வேலை போனபின் எங்கள் மாடி அறைக்கு வந்தவன். வாரம் முழுக்க அவனிடம் இரண்டே சொற்கள்தான்: "ம்", "வேணாம்". ஞாயிற்றுக்கிழமை இன்ஸ்பெக்டர் ஆனதும் முழு வாக்கியமாகப் பேசுவான், அதட்டுவான், ஜோக்கூட அடிப்பான். அதைக் கேட்பதற்காகவே என் மனைவி டிவியை அணைத்துவிட்டுச் சமையலறையில் சத்தமில்லாமல் நிற்பாள். பதினைந்து வருடமாக வாரப் பத்திரிகையில் நகைச்சுவை எழுதுகிறேன். என் பேச்சைக் கேட்க அவள் ஒருநாளும் டிவியை அணைத்ததில்லை.

மார்ச் 10, ஞாயிறு

பல் டாக்டர் இன்று கோபமாகக் கிளம்பினார். "சார், இன்னும் ரெண்டு வாரம் பாக்கறேன். அப்பவும் இப்படியே இழுத்தா என்னை விட்டுடுங்க."

அக்கா வாசலில் நின்று ஆறுதல் சொன்னார். "கதை நல்லாத்தான் இருக்கு தம்பி. எங்கயுமே போகமாட்டேங்குது, அவ்வளவுதான்."

நல்ல ஆறுதல். இவர்கள் வராவிட்டால் மேசை காலி. மேசை காலியானால் மாடியில் இருப்பவன்?

மார்ச் 12, செவ்வாய்

என்ன தப்பு செய்தேன்? ஓர் உண்மைக்கு ஒரே தடயம் வைத்தால் ஆட்டம் அதிலேயே மாட்டிக்கொள்ளும் என்று தெரிந்துதானே மூன்று வைத்தேன்? ஈரக் கயிறு, கிழிந்த படகுச் சீட்டு, பண்டகசாலையின் கள்ளச் சாவி. மூன்றையும் கண்டெடுத்தும் விட்டார்களே!

யார் எடுத்தது? கயிறு — இன்ஸ்பெக்டர். சீட்டு — இன்ஸ்பெக்டர். சாவியும்.

எங்கள் மேசையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் கண்டெடுத்ததைத் துண்டுச் சீட்டில் எழுதி அவரிடம் மட்டும் தள்ளுவேன். மற்றவர்களுக்குச் சொல்வதும் விடுவதும் அவர் பாடு. நான் வாயைத் திறக்கக் கூடாது.

மறந்துவிட்டான் போல என்று சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை. மூன்றையுமா மறப்பான்?

மார்ச் 17, ஞாயிறு

நாலாவதாக ஒரு குடிகார சாட்சியை அக்காவின் வழியில் நிறுத்திவைத்தேன். அக்கா பகடையை எடுப்பதற்குள் இன்ஸ்பெக்டர் முந்திக்கொண்டான். தனியாக விசாரித்தான். நான் தள்ளிய துண்டுச் சீட்டைப் படித்தான், மடித்தான். "அந்த ஆளு உளர்றான். ஒண்ணும் தேறல."

அத்தோடு விட்டானா? "டாக்டர், நீங்க அந்தப் பூனையை மட்டும் விட்டுடாதீங்க."

அடப்பாவி!

மார்ச் 18, திங்கள்

மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது மச்சினனைப் பிடித்தேன்.

"ஏன்டா மறைக்கிற?"

"கண்டுபிடிச்சிட்டா முடிஞ்சிடுமே மாமா."

"முடிஞ்சா என்ன? வேற கேஸ் போடறேன்."

"டாக்டர் பையனுக்குப் பரீட்சை வருது. மருந்துக்கடை அக்கா கடையை வேற இடத்துக்கு மாத்தறாங்க. இது ஒண்ணு முடியட்டும்னுதான் ரெண்டு பேரும் வந்துட்டிருக்காங்க. உங்களுக்குத் தெரியலையா?"

எனக்குத் தெரியவில்லை. துப்பறியத் தெரிந்தவன் அவன்தான்.

மனைவியிடம் சொன்னேன். "நீங்க கண்டுக்காம விட்டா?" என்றாள். டாக்டர் போயிடுவார் என்றேன். "காட்டிக்கொடுத்தா?" இவன் போயிடுவான். கழுவிய டம்ளரையே மறுபடி கழுவினாள்.

மார்ச் 24, ஞாயிறு

முடிந்துவிட்டது.

அக்கா தடயத்தைத் தேடவில்லை, ஆளைப் பிடித்துவிட்டார். "இன்ஸ்பெக்டர் சார், நீங்க போன இடத்துலெல்லாம் எங்களுக்கு ஒண்ணுமே கிடைக்கல. அது எப்படி? டாக்டர், இவர் பாக்கெட்ல கையை விடுங்க."

திருடன் பகடை உருட்டினான். பெரிய எண். விதிப்படி உள்ளே இருப்பதை நான் சொல்லியாக வேண்டும். மச்சினனைப் பார்த்தேன். அவன் பகடையையே பார்த்துக்கொண்டிருந்தான். சொன்னேன். கயிறு, சீட்டு, சாவி, குடிகாரனின் சாட்சி எழுதிய காகிதம். காபி ஆறுவதற்குள் படகோட்டி பிடிபட்டான்.

பல் டாக்டருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எவ்வளவு வாங்கினீங்க இன்ஸ்பெக்டர்?"

அக்காவும் சிரித்துக்கொண்டே மேசையைத் தட்டினார். "இந்த ஆளை முதல்ல வேலையை விட்டுத் தூக்குங்கப்பா!"

விளையாட்டாகச் சொன்னதுதான். சொன்ன மறுநொடி அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மச்சினன் நாற்காலியை ஒழுங்காக உள்ளே தள்ளிவிட்டு மாடிக்குப் போனான்.

மார்ச் 31, ஞாயிறு

யாரும் வரவில்லை. வரமாட்டோம் என்றும் யாரும் சொல்லவில்லை.

ஏப்ரல் 3, புதன்

மாடி அறை வாசலில் வைத்த சாப்பாட்டுத் தட்டு அப்படியே திரும்பி வந்தது. மனைவி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்திருக்கலாம்.

ஏப்ரல் 7, ஞாயிறு

மாடிக்குப் போய் அவன் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தேன். உட்காரும்போது முழங்கால் போட்ட சத்தத்திலேயே நான் வந்தது அவனுக்குத் தெரிந்திருக்கும். என்ன பேசுவது? ஊர் வம்பெல்லாம் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் வாய் தானாகக் கேட்டது.

"இன்ஸ்பெக்டர் இருக்காரா?"

உள்ளேயிருந்து குரல் வந்தது. "அவரை டிஸ்மிஸ் பண்ணிட்டாங்க."

"இப்ப எங்க இருக்காரு?"

"வீட்டுல."

"என்ன பண்றாரு?"

"காலையில குளிச்சு ட்ரெஸ் பண்ணிக்கிட்டு உக்காந்திருக்காரு. எங்க போறதுன்னு தெரியல."

நான் எதையும் தயார் செய்து வரவில்லை. மேசையில் கேட்பதுபோலவே கேட்டேன்.

"கதவு பூட்டியிருக்கா?"

"தாழ்ப்பாள் மட்டும்."

"நான் பகடை உருட்டணுமா?"

"வேணாம் மாமா."

தாழ்ப்பாள் விலகியது. உள்ளே இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, பெல்ட், காலில் ஷூவோடு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.