கப்பலில் இலவச அறை

மார்ச் 12, வியாழன்

அக்கா இன்று வேலை முடிந்ததும் தான் இருக்கும் டீட்டிகோனிலிருந்து நேரே பாடனில் உள்ள என் வீட்டுக்கு வந்துவிட்டாள். போன வருடம் நாங்கள் போன உல்லாசக் கப்பலின் சூதாட்டக்கூடமான கசினோ அவளுக்கு மறுபடியும் இலவச அறை தருகிறதாம். இங்கிலீஷில் கதைத்துப் பதிவு செய்ய நான் வேண்டும்.

அந்தப் பயணத்தில் அவள் ஒரு ஊரிலும் கரையிறங்கவில்லை. கசினோவில் காசு போட்டு விளையாடும் மெஷினுக்கு முன்னாலேயே இருந்தாள். நான் தனியாகச் சாப்பிட்டேன்.

கப்பல் கம்பெனிக்குத் தொலைபேசி எடுத்தேன். விளையாடாவிட்டாலும் அறை இலவசமா என்று கேட்டேன். இந்த முறை இலவசம்தான், ஆனால் விளையாடாதவர்களை மறுபடி அழைப்பதில்லை என்று மறுமுனையில் பேசிய பெண் இனிமையாகச் சொன்னாள். அதை அப்படியே அக்காவிடம் சொன்னேன்.

"இதைக் கேக்கவோ உன்னைக் கதைக்கச் சொன்னனான்?"

"நான் பதிய மாட்டன், அக்கா."

அவள் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கதவடியில் நின்றாள். "உன்ர அத்தான் கண்ணை மூடினாப்பிறகு என்னை வனிதா எண்டு பேர் சொல்லிக் கூப்பிடுறது அங்கதான்."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஆனாலும் பதிய மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே டீட்டிகோனுக்குப் போய் அவளை வெளியே கூட்டிக்கொண்டு போவேன். கோபத்தில் கதவைத் திறக்காவிட்டால், திறக்கும்வரை படியிலேயே இருப்பேன்.