வெள்ளிக்கிழமைக்கான கையெழுத்து

பாலாவி
12.11.2013

அன்பின் மனைவிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

குவைத்தில் குளிர் தொடங்கியிருக்கும். இங்கே மழை.

போன வெள்ளிக்கிழமை எங்கள் தேங்காய்த் தும்பு ஆலையில் உன் தம்பி ஹுனைஸின் வலது கை இயந்திரத்தில் அகப்பட்டது. மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். தொலைபேசியில் சொல்ல வரவில்லை.

இயந்திரத்தின் பாதுகாப்பு மூடியைத் தினமும் பார்த்துப் புத்தகத்தில் கையெழுத்திடுவது என் பொறுப்பு. ஜும்ஆத் தொழுகைக்குப் போகவேண்டுமென்று வெள்ளிக்கிழமைக்கும் சேர்த்து வியாழனே போட்டுவிடுவேன். அந்த வெள்ளி மூடி கழன்றிருந்தது.

“அவன்தான் கழட்டின எண்டு எழுதுங்க,” என்றார் முகாமையாளர்.

ஆஸ்பத்திரியில் ஹுனைஸிடம், மூடியைப் பார்க்கவில்லையா என்று கேட்டேன்.

“உங்கட சைன் இருந்திச்சே மச்சான். அதுக்குப் பொறகு நான் என்னத்தப் பாக்குற?”

நாளை விசாரிக்க வரும் தொழில் அதிகாரியிடம் உண்மையைச் சொல்வேன். வேலை போகும்.

ஹுனைஸிடம் இன்னும் சொல்லவில்லை. அவனுக்கு நான்தான் சோறு ஊட்டுகிறேன்.

உன் கணவன்